ஆறடித் தொட்டியும் தெருத் தண்ணீரும்

அன்றைக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் அக்கா ஆரோக்கியமேரி, அவள் வீட்டுக்காரர் சேவியர் மச்சான், பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா, மாடியில் குடியிருந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் சுப்பிரமணி அண்ணன். தெருப் பெண்கள் சிலர் வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே போய்விட்டதால் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறாவது ஆளாகக் கண்ணாடித் தொட்டியைச் சேர்க்கலாம். அன்று நாங்கள் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எதற்கு இந்த ஆள் கணக்கு என்று கேட்பீர்கள். போன வாரம் எங்கள் வீட்டு வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் கசிகிறது என்று பிளம்பரை வரச்சொல்லியிருந்தேன். கசிவு என்று நான்தான் சொன்னேன். என் மனைவி அது கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் என்றாள். வந்தவர் சிலிக்கான் பசைக் குழாயைத் துப்பாக்கியில் மாட்டி அழுத்தினார். குப்பென்று வினிகர் வாடை. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"என்ன சார், வாடை ஒத்துக்கலையா?" என்றார்.

ஒத்துக்கொள்ளாமல் என்ன. அந்த வாடையோடு ஒரு வாரம் குடித்தனமே நடத்தியிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் மீதிக் கதை எளிது. நான் பயந்த சுபாவம். பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வந்த நாட்கள் உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். பரீட்சைக்கு முதல் நாளே வயிறு கலக்க ஆரம்பித்துவிடும். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன், ஆனால் பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு கிரில் பட்டறை. வெல்டிங் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், கறுப்புக் கண்ணாடி வைத்த அந்த முகமூடி. அதைப் போட்டுக்கொண்டால் என் முகத்தில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

சேவியர் மச்சான் எனக்கு நேர் எதிர். நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் சில மாதம் மூடிக் கிடந்தபோது வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால் மீன் வளர்த்துக்கொண்டு இருந்தார். அக்காவின் ஊறுகாய் பாட்டில்கள் ஒவ்வொன்றாக மீனுக்குப் போயின. ஜன்னல் விளிம்பு, அலமாரி, மாதா படத்துக்குப் பக்கம் என்று எங்கே பார்த்தாலும் வால் ஆட்டிக்கொண்டு ஏதாவது ஒன்று. அக்காவுக்கு ஊறுகாய் போட பாட்டில் இல்லை. சோற்றுக்கு வெஞ்சனம் வைக்க வழியில்லாத வீட்டில் மீனுக்குத் தீவனம் வாங்குகிறார் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். ஆனால் அந்த மாதங்களில்தான் மச்சானுக்கு இருமல் நின்றது. பஞ்சுத் தூசி இல்லாத மூச்சு என்றால் என்னவென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாப்ள, முன்னறையில வண்ண மீன் கடை போடப் போறேன்" என்றார் ஒருநாள். "ஒரு நல்ல மீனு வாங்க நம்மூர்க்காரன் மதுரைக்குப் போறான். கடைக்குப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடி தொட்டி வைக்கணும். ஆறடி. ரோட்டுல போறவன் சைக்கிள நிறுத்திட்டு எறங்கணும்."

மதுரையில் ஆறடித் தொட்டிக்குச் சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். அதனால் நாமே செய்வது என்று முடிவாயிற்று. தொட்டிக்கு அவர், அதைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டுக்கு நான்.

அதே நேரம் மில்லைத் திறந்துவிட்டார்கள். பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா நியாயஸ்தி. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை.

"அதுக்கு மொத நா ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்திப் பாருங்க. நின்னா கடை. ஒழுகுனா திங்கக்கெழம மில்லு பஸ்ல ஏறணும்" என்றாள்.

மச்சான் உடனே சரி என்றார். நான்தான் அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒழுகினால் மச்சான் மறுபடி பஞ்சுக்குள் போவார். ஒழுகாமல் கடை வைத்து, கடை ஓடாவிட்டால் அக்கா பிள்ளைகளோடு கஷ்டப்படுவாள். எப்படிப் பார்த்தாலும் அடியில் நிற்பது என் ஸ்டாண்டு.

லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு சின்னக் கார் எடை வரும். கண்ணாடி எடை தனி. முன்னறையில் மர மேஜை மேல் ஒரு காரை ஏற்றி நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். கனமான ஆங்கிள் இரும்பு எடுத்தேன். நாலு கால் போதும் என்றார்கள், ஆறு கால் வைத்தேன். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம், குறுக்குச் சட்டத்துக்கு மேல் இன்னொரு குறுக்குச் சட்டம். பட்டறையில் ரசமட்டம் வைத்து, நடுவில் குமிழி அசையாமல் நிற்கிற வரைக்கும் தட்டித் தட்டிச் சரிசெய்தேன். மூன்று பேர் பிடித்துத்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

"மாப்ள, மீனுக்குச் செஞ்சியா, யானைக்குச் செஞ்சியா?" என்றார் மச்சான்.

மாடியிலிருந்து இறங்கி வந்த சுப்பிரமணி அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் காய்கறி மண்டியில் கணக்குப் பிள்ளை. பேச்சில் மரியாதை குறையாது, நக்கலும் குறையாது. "ஏனுங்க, பழனி மலைக்கு விஞ்சு வண்டி ஓட்டறதுக்குங்களா இது?"

சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரும்பு விஷயத்தில் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

கண்ணாடி வந்தது தனிக் கதை. விரல் கனத்துக்கு இருந்த ஐந்து துண்டுகள். சாக்குச் சுற்றி மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, மார்க்கெட் பக்கமிருந்து வீடு வரைக்கும் நான் கூடவே நடந்து வந்தேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு. வண்டிக்காரர் ஒவ்வொரு பள்ளத்திலும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஒட்டுகிற வேலைக்கு மச்சான் எங்கள் இருவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். விளிம்பை எல்லாம் தின்னர் தொட்ட துணியால் துடைத்தார். விரல் எண்ணெய் பட்டால் சிலிக்கான் பிடிக்காதாம். ஸ்டாண்டின் மேல் பலகை, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் அடிக்கண்ணாடி. முன்கண்ணாடியை நிறுத்தும்போதுதான் தெரிந்தது, இருவரிடமும் சேர்த்து இருப்பது நாலு கைதான், வேலைக்கு ஆறு கை வேண்டும். அடுப்படியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டோம். வந்து மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் புடிச்சேங்கிறதுக்காக சம்மதிச்சேன்னு நெனைக்காதீக" என்றாள்.

பிடித்தவள் சிலிக்கான் இழுத்து முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. செபமாலையில் பாதி முடித்திருப்பாள். தொட்டி ஒழுக வேண்டும் என்று வேண்டினாளா, நிற்க வேண்டும் என்று வேண்டினாளா என்று அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் காயவிட்டோம், தொட்டிக்குக் காவலாக நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். வீடு முழுக்க வினிகர் வாடை. சோற்றில் அடித்தது, தலையணையில் அடித்தது. தெருப் பூனை வாசற்படியோடு திரும்பிவிடும். செல்லம்மாக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஏண்டி மேரி, எத்தனை மூட்டை மாங்காயடி ஊறுகா போடுற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாரம் முடிந்தது. தொட்டி தயார். தண்ணீர்தான் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். வருவதற்கு முன் குழாயில் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குடிக்க ஒரு அண்டா, சமைக்க ஒரு டிரம், மற்றதற்கு மற்றது என்று ஒவ்வொரு வீட்டிலும் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தத் தெருவில் போய், மீன் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க ஐம்பது குடம் தண்ணீர் வேண்டும் என்று யாரால் கேட்க முடியும்?

செல்லம்மாக்காவே வழி சொன்னார். எங்கள் தெருவில் குடத்துக்குக் குடம் கடன் கொடுப்பது வழக்கம். விருந்தாள் வந்துவிட்டாலோ, சடங்கு வீடு என்றாலோ பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு அடுத்த தண்ணீருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆறு குடம் வாங்கியவள் ஐந்தைக் கொடுத்துவிட்டு மறந்தது போல் இருக்க முடியாது. தெருவே ஞாபகம் வைத்திருக்கும்.

"ஊத்திப் பாத்துட்டு சாயந்தரமே மோந்து குடுத்துருங்க. தொவைக்கிற தண்ணிதானே" என்றார் செல்லம்மாக்கா. அவரே நாலு வீட்டில் சொல்லியும் விட்டார். ஆக, தொட்டி உடைந்தால் தெருவில் பாதிப் பேருக்குத் துவைக்கத் தண்ணீர் இருக்காது. எனக்கு ஏற்கெனவே இருந்த கவலைகளோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஊற்ற ஆரம்பித்தோம். ஒரேயடியாக நிரப்பக் கூடாது, பாதியில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காகத் தொட்டியைச் சுற்றிலும் பாதி உயரத்தில் அளந்து ஒரு டேப் ஒட்டி வைத்திருந்தார் மச்சான். அவர் ஊற்ற, நான் மூலை மூலையாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தேன். காய்ந்துதான் இருந்தது. அடியில் தடவினேன். அங்கும் காய்ந்துதான் இருந்தது. மச்சான் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் டேப்பைப் பார்த்தேன். வாசல் பக்கம் தண்ணீர் டேப்பைத் தொட்டுவிட்டது. உள்பக்கத்தில் டேப்புக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் இருந்தது.

தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். அப்படியென்றால் தொட்டிதான் சாய்ந்திருக்கிறது. ஸ்டாண்டு கோணலா? அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குனிந்து தரையைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் முன்னறைச் சிமெண்டுத் தரையை வாட்டம் விட்டுத்தான் பூசுவார்கள். கழுவி விட்டால் தண்ணீர் தானாக வாசலுக்கு ஓட வேண்டும். சனிக்கிழமைதோறும் அக்கா அந்தத் தரையைக் கழுவுவதை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள்தான் நாங்கள் இருவரும். பட்டறைத் தரையில் மட்டம் பார்த்த ஸ்டாண்டை அப்படியே கொண்டுவந்து வாட்டத்தின் மேல் நிறுத்தியிருக்கிறோம். ஆறு காலும் தரையில் நன்றாகப் பதிந்து நின்றன. அது ஆடவில்லை. ஆடாத ஒன்றைச் சாய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

"மச்சான், நிறுத்துங்க" என்றேன்.

"ஏன், ஒழுகலைல?"

"சாஞ்சிருக்கு. இப்பிடியே ரொப்புனா வாசப்பக்கத்து மூலையிலதான் மொத்தப் பாரமும் விழும்."

மச்சான் குனிந்து பார்த்தார். "செத்த நேரம் புடி. ரெண்டு தகட்ட காலுக்கடியில சொருகிட்டாப் போச்சு."

"இம்புட்டுத் தண்ணியோடயா? ஒரு பக்கம் நெம்புனா அடிக்கண்ணாடி முறுக்கிக்கிரும் மச்சான். பட்டுனு போயிரும். எறைக்கணும்."

இறைத்து மட்டம் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சாயந்தரம் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மறுபடி ஊற்ற, குழாயில் தண்ணீர் வரப் பத்து நாள் ஆகும். திங்கட்கிழமையோ மறுநாள்.

"ஏனுங்க, ஒழுகுலீங்கல்ல? மேரியம்மா கண்டிசன் அது ஒண்ணுதானுங்களே. அப்பறம் பாஸ்தானுங்க" என்றார் சுப்பிரமணி அண்ணன்.

"பாதி ஊத்துனதுக்குப் பாதிதான் மார்க்கு" என்றாள் அக்கா.

"அவன் கெடக்கான்டி, பயந்தாங்கொள்ளி. அவன் தொட்டதுக்கெல்லாம் பயப்படுவான்" என்றார் மச்சான்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அதுனாலதான் அவன்ட்ட கேக்குறேன். நீங்க நிக்கும்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். நீங்க எதுக்கும் நிக்கும்னுதான் சொல்வீக. ஏலே, நீ சொல்லு. அடி சரிபண்ணி, முழுசா ரொப்புனா நிக்குமா நிக்காதா?"

வாழ்க்கையில் நான் எதையும் உறுதியாகச் சொன்னவன் இல்லை. மழை வருமா என்று கேட்டால்கூட வரலாம் என்றுதான் சொல்வேன். அன்று அந்தத் தொட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு விளிம்பும் துடைக்கப்பட்டது எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் ஒவ்வொரு வெல்டிங் பற்றும் எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரியும். பயப்படுவதற்கு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்பே பயந்து முடித்திருந்தேன்.

"நிக்கும்க்கா" என்றேன்.

சாயந்தரம் தண்ணீரை மோந்து அவரவர் குடத்தில் ஊற்றிக் கொடுத்தோம். லேசாக வினிகர் வாடை அடித்தது. துவைக்கிற தண்ணீர்தானே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

மறுநாள் காலையில் மில் பஸ் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் பட்டறைக்குப் போகும் வழியில் அங்கே நின்றிருந்தேன். மச்சான் வாசலில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவும் இல்லை, டீயைக் குடிக்கவும் இல்லை. இரண்டாவது ஹாரன் அடித்தபோது அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்து வந்தாள்.

"அவரு வரலண்ணே. நீங்க போங்க" என்றாள் டிரைவரிடம்.

திரும்பும்போது என்னைக் கடந்துதான் போனாள். போகிற போக்கில் மச்சான் கையிலிருந்த ஆறிய டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தகடு கொடுத்து, ரசமட்டத்தை இந்தத் தடவை அந்த வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பத்து நாளும் வேலை விட்டு வரும்போதெல்லாம் அக்கா வீட்டுக்குப் போய்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். "ஏலே, அது கண்ணாடிடா. கைக்கொழந்த இல்ல" என்பாள் அக்கா. வாய்தான் நிற்கும் என்று சொல்லியிருந்தது. கை அதை நம்பவில்லை.

தண்ணீர் வரும் நாள் வந்தது. இந்தத் தடவை கேட்பது வேறு கடன். சாயந்தரம் திருப்பித் தர முடியாது. நின்றுவிட்டால் அந்தத் தண்ணீர் மீனுக்கு. அக்கா வீட்டுப் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு அக்கா வாசலிலேயே நின்றாள். குழாய் சீறி ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் செல்லம்மாக்கா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தோடு படியேறினார்.

"என்னடி மசமசன்னு நிக்கிற? மணவறைக்கு வந்துட்டுத் தாலி கட்டுறதுக்குள்ள எந்திரிச்சுப் போவாகளா? தள்ளு" என்றார். அவர் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். சுப்பிரமணி அண்ணன் மாடியிலிருந்து ஒரு டிரம்மை அப்படியே உருட்டாத குறையாக இறக்கினார்.

மேல் விளிம்புக்கு நாலு விரல் விட்டு நிறுத்தினோம். தண்ணீர்க்கோடு நாலு பக்கமும் ஒன்றுபோல நின்றது. நான் அடியில் தினத்தாளை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். மறுநாள் விடிந்ததும் போய் எடுத்துப் பார்த்தேன். தாள் மொடமொடவென்று இருந்தது. மச்சான் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். பிறகு வாட்டம் விட்ட அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா எங்கள் மூவருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அன்றைக்குச் சர்க்கரை தாராளமாக இருந்தது.

கடை ஓடியது. கன்னிவாடியிலிருந்தும் தொப்பம்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் காலுக்கு ஓய்வு கொடுக்கிற சாக்கில் தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மச்சானுக்கு அப்புறம் இருமல் வரவே இல்லை. இப்போது பழனி ரோட்டில் பெரிய கடையாக வைத்திருக்கிறார். அங்கே தொட்டிகள் செய்தே வந்து இறங்குகின்றன. எங்கள் ஆறடித் தொட்டியைப் பிரித்து, அந்தக் கண்ணாடியை மீன் தீவனம் அடுக்குகிற தட்டாகப் போட்டிருக்கிறார். என் ஸ்டாண்டு அவர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. துருப் பிடிக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்ப்பேன்.

அந்த முன்னறை இப்போது டைல்ஸ் போட்ட தரை. வாட்டம் கிடையாது. கழுவ முடியாது, துடைக்கத்தான் முடியும். தெருவில் வீட்டுக்கு வீடு தரைத்தொட்டி, மோட்டார். குடிக்கக் கேன் தண்ணீர் வண்டியில் வருகிறது. நல்லதுதான். குடம் தூக்கிய இடுப்புகளைக் கேட்டால் அந்த நாள் திரும்ப வரட்டும் என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் குடத்துக்குக் குடம் என்ற கடன் ஊரை விட்டே போய்விட்டது. பக்கத்து வீட்டில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அக்கா எல்லோருடைய தண்ணீரையும் அடுத்தடுத்த முறைகளில் அடைத்துவிட்டாள், செல்லம்மாக்காவுடையதைத் தவிர. கொண்டுபோய் நீட்டும்போதெல்லாம், "இருக்கட்டும்டி, என் மக கல்யாணத்துக்கு மொத்தமா வாங்கிக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணம் திருப்பூரில் நடந்தது. குடும்பமே அங்கே போய்விட்டது. எங்கள் தெருக் கணக்குப்படி அவருக்கு இன்னும் ஒன்பது குடம் பாக்கி.